தாய் ஓடிய தூரம்

அம்பலக்கந்தைத் தோட்டத்தில் குதிரைக்காரராக இருந்த பவுல், வெள்ளைக்காரத் துரை தன் பெண்குதிரை ஸ்டெல்லாவை விற்ற நாளில் தானேதான் அவளை வரக்காப்பொலைக்கு நடத்திக்கொண்டு போனார். துரை சொன்ன வேலை, மறுத்துப் பேச முடியாது. கேகாலையிலிருந்து கண்டி றோட்டில் பன்னிரண்டு மைல். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் காட்டினார். அப்துல் ரஸாக் முதலாளியின் பாக்குக்கடைக்குப் பின்னால் ஒரு தென்னையில் கட்டிவிட்டு, துரையின் கடிவாளத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். பின்னால் அவள் கனைத்தது கேட்டது. பவுல் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன, ஒரு தரமாவது பார்த்திருக்கலாமே என்று அதற்கப்புறம் நாலு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா பேர்பெற்ற வம்சத்துக் குதிரை இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்து கொழும்பில் ஏலம் போன ஐம்பது அறுபது குதிரைகளில் அவளும் ஒன்று. தோட்டம் சுற்றிப்பார்க்க ஒரு குதிரை வேண்டும் என்று ஹாலம் துரை வாங்கிவந்தார். தகப்பன் யார், தாய் யார் என்று ஒரு துண்டுக் கடுதாசிகூட அவளோடு வரவில்லை. பேர் வைத்தது துரைதான். அந்தப் பேருக்கு நட்சத்திரம் என்று அர்த்தம் என்று கேகாலைக் கோயில் சாமியார் சொன்ன பிறகு, மாதா பிரார்த்தனையில் விடியற்காலத்து நட்சத்திரமே என்று வரும்போதெல்லாம் பவுலுக்குக் கோயில் மறந்து லாயம் ஞாபகம் வந்துவிடும். அதை அவர் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை.

குதிரை நடந்துபோன ஈரமண்ணைப் பார்த்தே அது எப்படிப்பட்டது என்று பவுல் சொல்லிவிடுவார். சாதாரணக் குதிரைக்குப் பின்னங்கால், முன்னங்கால் வைத்த தடத்தின் மேலேயே விழும். நல்ல நடையுள்ளதற்கு நாலு விரல் தள்ளி விழும். ஸ்டெல்லாவுக்கு ஒரு முழுச் சாண் தாண்டி விழும். அந்த இடைவெளியில் கையை விரித்து வைத்து அளந்து பார்த்துவிட்டு, சேற்றுக் கையோடு எழுந்து சிரிப்பார். துரைமார் வருஷாவருஷம் கூடி நடத்துகிற பந்தயத்தில் அவள் அடுத்தடுத்து இரண்டு வருஷம் முதலாவதாக வந்தாள். அதன் பிறகுதான் ஹாலம் துரைக்கு ஆசை பிடித்தது. கொழும்பில் ஒரு லாயத்தில் நின்ற இங்கிலீஸ் ஆண்குதிரையிடம் அவளை அனுப்பினார். அந்தக் குதிரையின் பாட்டன் முப்பாட்டன் பேரெல்லாம் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க அச்சாகியிருந்தது. பிறந்த ஆண்குட்டிக்கு ஓரியன் என்று பேர். குட்டி பால் மறந்த கொஞ்ச நாளில் ஸ்டெல்லாவுக்கு முன்னங்கால் நரம்பு வீங்கி, ஓடமுடியாமல் போய்விட்டது. துரை மோட்டார் கார் வாங்கினார். ஓட முடியாத குதிரைக்குப் புல்லும் கொள்ளும் எதற்கு என்று அவளை விற்றுவிட்டார். குட்டி இரண்டு வயதில் கொழும்புக்குப் போயிற்று. லாயம் காலியாகி, பவுல் காரைக் கழுவி, இரண்டு சீமைப்பசுவைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

இருபத்தொன்பதாம் வருஷம் தை மாதம் ஓரியன் கொழும்பில் பந்தயம் வென்றது. மாசி மாதம் இன்னொன்று. பேப்பரில் அதன் தகப்பனைப் பற்றிப் பத்து வரி எழுதியிருந்தார்கள். தாயைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கணக்கப்பிள்ளை வாசித்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு பவுல் மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விட்டார்.

ரப்பர் மரங்கள் இலை கொட்டி, புதுத்தளிர் செம்பு நிறத்தில் விட்டிருந்த சமயம். கொழும்பிலிருந்து ஒரு குதிரை டாக்டர் பங்களாவுக்குச் சாப்பாட்டுக்கு வந்தார். சாப்பிட்டு முடிந்ததும் பவுலைக் கூப்பிட்டனுப்பினார்கள். டாக்டர் இங்கிலீசில் கேட்க, ஹாலம் துரை தன் தோட்டத் தமிழில் திருப்பிச் சொன்னார்.

"பவுல், டாக்டர் கேக்குறது, அந்த ஸ்டெல்லா எப்படி ஓடுறது? சரியா சொல்லு."

பவுல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நாலு வருஷமாக ஒருவரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை.

"மொதல்ல தலையைக் கீழ போட்டுரும்ங்க தொரை. எடது காது மட்டும் பின்னால சாயும். அப்புறம் ஒரு மூச்சு எடுக்கும். பெரிய மூச்சு. தொடைக்குக் கீழ வயிறு விரியறது நமக்குத் தெரியும்ங்க. அந்த மூச்சோட ஆளு நீளமாயிரும். அதுக்கு மேல காலு தரையில படறதே தெரியாது."

துரை திருப்பிச் சொல்லச் சொல்ல டாக்டர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு நிறையப் பேசினார். பவுலுக்குக் கொஞ்சம் இங்கிலீஸ் விளங்கும். கொழும்பில் ஓரியனும் அச்சாக அப்படித்தான் ஓடுகிறது. அதன் தகப்பனோ தலையை உயர்த்தி வைத்துக்கொண்டு ஓடுகிற குதிரை. குட்டிக்குப் பாதி தகப்பனிடமிருந்து, பாதி தாயிடமிருந்து வருகிறது, எந்தப் பாதி எங்கே போய்ச் சேரும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் குட்டிக்கு நெஞ்சையும் ஓட்டத்தையும் கொடுத்தது தாய்தான். அப்படிப்பட்ட தாயை யாராவது பாக்கு வியாபாரிக்கு விற்பார்களா என்று கேட்டு அவர் சிரித்தார். துரை சிரிக்கவில்லை.

மறுநாள் துரை சொன்னார். "பவுல், நீ போ. ஸ்டெல்லா எங்கே இருக்குன்னு தேடு. கால் பரவாயில்லே, வயசு பரவாயில்லே. கேக்குற காசு குடுக்கலாம். கூட்டிட்டு வா."

தன் லயத்து வீட்டுக்கு வந்து பவுல் பழைய கடிவாளத்தை எடுத்து எண்ணெய் போட்டார். பித்தளை வளையங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். அவர் மனைவி திரேசா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் சக்களத்தி வீட்டுக்கு வாறாளாக்கும்" என்றாள்.

"காலு எப்படி இருக்கோ" என்றார் பவுல்.

"நான் காய்ச்சலா கெடந்தப்ப இந்த மாதிரி ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களா?" என்று சொல்லிவிட்டு, அவளே உள்ளே போய் ஒரு கித்துள் கருப்பட்டியை உடைத்துத் துணியில் முடிந்து கொண்டுவந்து அவர் பையில் வைத்தாள். "அவளுக்கு இது புடிக்குமே" என்றாள்.

பவுல் வரக்காப்பொலைக்கு பஸ்ஸில் போனார். திரும்பி வரும்போது நடந்துதானே வரவேண்டும், அதை நினைக்கவே அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கெங்கே தண்ணீர் காட்டலாம், எந்த மரத்தடியில் அவளைப் படுக்க விடலாம் என்று பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டார்.

அப்துல் ரஸாக் முதலாளி பாக்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பவுலை அவருக்கு ஞாபகம் இருந்தது.

"அந்தப் பொட்டக் குதிரயா? அது இங்க ஒரு வருசம்தான் ஈந்திச்சு. வண்டில பூட்டினா சும்மா போகாது, மத்த வண்டியெல்லாம் முந்தப் பாக்கும். காலும் நொண்டும், ஓட்டமும் விடாது. எங்கட தேங்கா வண்டி மட்டக்குதிரயோட ஒரே தோட்டத்தில விட்டிருந்த. வயித்தோட ஈக்கிது எண்டு தெரிஞ்சதும் ரம்புக்கனை மீராசாஹிப்புக்கு வித்திட்டேன். அவர் ஸ்டேஷன்ல கோச்சிக்கு வாற ஆள்களை வண்டியில ஏத்திப் போற."

"உசிரோட இருக்குங்களா மொதலாளி?"

"அது எனக்குத் தெரியாது. மூணு வருசமாச்சே" என்றார் அவர். "டீ குடிச்சிட்டுப் போங்க."

பவுல் டீ குடிக்கவில்லை. ரம்புக்கனைக்கு அவர் போய்ச் சேர்ந்தது மறுநாள் காலை. இரவெல்லாம் மழை பெய்திருந்தது. ஸ்டேஷன் வாசலில் வண்டி ஒன்றும் இல்லை. கொழும்பு ரயில் வருவதற்கு நேரம் இருந்தது. தேநீர்க்கடைச் சிங்களப் பெண்ணிடம் மீராசாஹிப்பின் வீடு எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். "குதிரையைத் தேடியா வந்தீங்க?" என்று அவளும் சிங்களத்திலேயே கேட்டு, தோளில் கிடந்த கடிவாளத்தைப் பார்த்துச் சிரித்து, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போகிற செம்மண் பாதையைக் கையால் காட்டினாள்.

பாதையில் இருபது அடி வைத்ததும் பவுல் நின்றுவிட்டார். ஈரமண்ணில் லாடத் தடங்கள் புதிதாகப் பதிந்து கிடந்தன. குனிந்து பார்த்தார். பின்னங்கால் தடம், முன்னங்கால் தடத்தைத் தாண்டி விழுந்திருந்தது. கையை விரித்து வைத்தார். ஒரு சாண்.

பவுலுக்கு வயது நாற்பத்திநாலு. மூச்சு வாங்க ஓடுகிற வயதில்லை. ஆனால் ஓடினார். தடங்கள் ஒரு வாழைத்தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய், ஓடு போட்ட ஒரு வீட்டின் பின்பக்கம் நின்றன. "ஸ்டெல்லா" என்று கூப்பிட்டார்.

கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு குதிரை தலையை நீட்டியது. ஸ்டெல்லா கறுப்பு. இது செம்பழுப்பு. கழுத்து குட்டை, நெஞ்சு அகலம், முன்னங்கால் எலும்பு ஸ்டெல்லாவுக்கு இருந்ததைவிட நாலு விரல் கட்டை. ஒரு மட்டக்குதிரையை இழுத்துப் பெரிதாக்கின மாதிரி இருந்தது. ஆனால் பின்பக்கம், இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும், வேறு யாருடையதும் இல்லை. பவுல் அந்தத் தொடையில் எத்தனை வருஷம் வைக்கோல் பிரி போட்டுத் தேய்த்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தெரியும்.

வீட்டுக்குள்ளிருந்து மீராசாஹிப் தொப்பியைச் சரிசெய்துகொண்டே வந்தார். வெள்ளைத் தாடி, மெதுவான பேச்சு. பவுல் யாரென்று கேட்டறிந்ததும் அவர் முகம் மாறியது.

"நீங்கதான் வளத்த ஆளா?" என்றார். "போன வருசம் நோன்பு மாசத்தில அது செத்துப் பெய்த்து. வயித்துவலி. ஒரு பகல் முழுக்க நடத்திப் பாத்தோம், கசாயம் குடுத்தோம். அசர் தொழுகைக்கு மேல படுத்திச்சு, எழும்பல்ல. இது அதுட பொட்டக் குட்டி. மூணு வயசு."

பவுல் கொட்டில் கம்பைப் பிடித்துக்கொண்டார். மீராசாஹிப் ஒரு வாங்குப் பலகையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பிறகு, கேட்காமலேயே அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தோட்டத்தின் கடைசியில் புதைத்த இடத்தைக் காட்டினார். மேலே வாழை நட்டிருந்தார்கள். அதில் ஒரு குலை தள்ளியிருந்தது. பவுல் சிலுவை போட்டுக்கொண்டார். மிருகத்துக்குச் சிலுவை போடலாமா கூடாதா என்று அப்போது அவருக்கு யோசனை வரவில்லை.

திரும்பி வந்தபோது மீராசாஹிப்பின் மகள் றஸ்மியா, முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, குட்டிக்குச் சீனி ஊட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் பதுளையில் கடை வைத்திருப்பதால் பாதி நாள் வாப்பா வீட்டில்தான் இருப்பாளாம். குட்டிக்குச் சீனி என்று பேர் வைத்ததும் அவள்தான்.

"தாயும் இப்பிடித்தான் தின்னுமா?" என்று கேட்டாள்.

"அதுக்குக் கருப்பட்டிம்மா" என்றார் பவுல். பையிலிருந்த முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். சீனி மோந்து பார்த்துவிட்டு, கருப்பட்டியை உதட்டால் தள்ளிவிட்டது. பவுலுக்கு ஏனோ அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது.

தோட்டத்துக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னார். துரை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். ஸ்டெல்லா செத்துவிட்டாள் என்றதும் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். குட்டி ஒன்று இருக்கிறது என்றதும் நிமிர்ந்தார்.

"தகப்பன் யார்?"

"வரக்காப்பொலையில தேங்கா வண்டி இழுத்த மட்டக்குதிரைங்க தொரை."

துரை மறுபடியும் சாய்ந்துகொண்டார். "அப்படின்னா பிரயோசனம் இல்லே, பவுல்."

"நடை அப்படியே ஸ்டெல்லாதாங்க தொரை. நான் அளந்து பார்த்தேன்."

"நடக்கும். ஓடாது" என்றார் துரை. அவர் மேசையில் கிடந்த தடித்த புத்தகத்தைக் காட்டினார். "இதிலே இருக்கிறது எல்லாம் இருநூறு வருஷம் எழுதினது. மட்டக்குதிரைக்கு இதிலே எடம் இல்லே. நீ போய் வேலையைப் பார்."

ஸ்டெல்லாவுக்கும் அதில் இடம் இல்லை என்று பவுலுக்குத் தெரியும். சலாம் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

அதன் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும் பவுல் ரம்புக்கனைக்கு எட்டு மைல் நடந்துபோவது வழக்கமாயிற்று. சீனிக்கு லாடம் பார்ப்பார், குளம்பைச் சீவிவிடுவார், முதலாளிக்குத் தீனிக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். மீராசாஹிப் அதற்குக் கூலி கொடுக்கப் பார்த்தார், பவுல் வாங்கவில்லை. ஆற்றங்கரை மணலில் நடத்தும்போது சில சமயம் அது தலையைக் கீழே போடும். பவுலின் கை கயிற்றைத் தளர்த்தப் போகும். ஆனால் வண்டி இழுக்கிற குதிரை, அதை ஓடவிட்டுப் பார்க்க அவருக்கு உரிமை இல்லை. பார்க்கப் பயமும் இருந்தது. துரை சொன்னது சரியாக இருந்துவிட்டால்?

அடுத்த வருஷம் மாசி மாதம், அறுப்பு முடிந்த வயல்வெளியில் துரைமார் பந்தயம் வைத்தார்கள். துரைமாருக்கு நாலு ஓட்டம். கடைசியில், குதிரைக்காரர்களுக்கென்று ஒரு ஓட்டம், சேணம் இல்லாமல், ஐந்து பர்லாங். யாருடைய குதிரையும் ஓடலாம். மீராசாஹிப்தான் முதலில் பேச்சை எடுத்தார்.

"நீங்க ஏறுறீங்களா பவுல்? ஒரு நாளாவது அது வண்டியில்லாம ஓடிப் பாக்கட்டும்."

பவுல் துரையிடம் உத்தரவு கேட்டார். துரை, "மட்டக்குதிரை மேலேயா?" என்று சிரித்து, "போ, போ, விழாம ஓடு" என்றார்.

வயலின் ஒரு கோடியில் ஆறு குதிரைகள் நின்றன. மற்ற ஐந்தும் தோட்டத்துக் குதிரைகள், உயரமானவை, உடம்பு பளபளவென்று இருந்தவை. சீனியின் முதுகுக்குமேல் அவற்றின் முதுகு தெரிந்தது. ஜனங்கள் வரப்பு நெடுக நின்றிருந்தார்கள். மூன்று பர்லாங் நேராகப் போய், ஒரு பெரிய மாமரத்தைச் சுற்றி, பிறகு கொஞ்சம் ஏற்றமான மேட்டு நிலத்தில் இரண்டு பர்லாங் வந்து கொடியைத் தாண்டவேண்டும். பவுல் சாரத்தை மடித்துக் கட்டி, பிடரிமயிரில் ஒரு கை, கடிவாளத்தில் ஒரு கை வைத்து உட்கார்ந்தார். அந்தப் பழைய கடிவாளத்தைத் துரையிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

துணியை வீசினார்கள். மற்றக் குதிரைகள் பாய்ந்தன. சீனி ஒரு கணம் வண்டி பின்னால் வருகிறதா என்று காத்திருந்த மாதிரி நின்றது. பிறகு ஓடத் தொடங்கியது, சாதாரணமாக, வண்டிக்குதிரை ஓடுகிற மாதிரி. பவுல் கடைசியில் இருந்தார். முன்னால் போன குளம்புகள் எறிந்த வைக்கோலும் மண்ணும் முகத்தில் அடித்தன.

அப்போது அது தலையைக் கீழே போட்டது.

இடது காது பின்னால் சாய்ந்தது. பவுல் மூச்சை அடக்கிக்கொண்டார். அவர் தொடைகளுக்கு நடுவில் வயிறு விரிந்தது. ஒரு பெரிய மூச்சு, உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அந்த மூச்சு முடிவதற்குள் அவருக்குக் கீழே முதுகு நீண்டுவிட்டது. சத்தம் குறைந்தது. காற்று மட்டும் காதில் கேட்டது. ஒரு குதிரை பின்னால் போயிற்று, இன்னொன்று, பிறகு இரண்டு சேர்ந்து. பவுல் குனிந்து, முகத்தைப் பிடரியில் வைத்து, "ஸ்டெல்லா" என்றார். அது செம்பழுப்புப் பிடரி என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் கூப்பிட்டார். துரை ஏறி ஓடி அவர் பார்த்திருக்கிறார். பந்தயத்தில் அவளுடைய முதுகில் தான் உட்கார ஒரு நாளும் அவருக்குக் கிடைத்ததில்லை. இப்படித்தான் இருந்திருக்கும். இப்படியேதான். முன்னால் ஒரே ஒரு குதிரைதான் இருந்தது, மாமரத்துக்குப் பத்தடி இருக்கும்போது அதையும் தாண்டினார். வரப்பில் நின்ற ஜனம் சிங்களத்திலும் தமிழிலும் என்னவோ சத்தம் போட்டது.

மாமரத்தைச் சுற்றினார்கள். நிலம் ஏறியது.

ஏழெட்டுப் பாய்ச்சலில் பவுலுக்குத் தெரிந்துவிட்டது. மூச்சு அங்கேயேதான் இருந்தது, கால் போதவில்லை. கட்டை எலும்பு, மேட்டில் எட்டி வைக்க முடியவில்லை. கழுத்து மேலே வந்தது. காது நிமிர்ந்தது. நீண்டிருந்த முதுகு மறுபடியும் சுருங்கி, அவருக்குக் கீழே ஒரு தைரியமான, உழைக்கிற மட்டக்குதிரை இருந்தது. அது தன்னால் முடிந்த அளவு பாடுபட்டது. நிற்கவேயில்லை. தகப்பன் தேங்காய் மூட்டைகளோடு மேடு ஏறுகிற மாதிரி, தலையை ஆட்டி ஆட்டி ஏறியது. பவுல் அடிக்கவில்லை. "போதும்டி, போதும்" என்று அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். இரண்டு குதிரைகள் அவர்களைத் தாண்டிப் போயின. சீனி மூன்றாவதாகக் கொடியைக் கடந்தது.

மீராசாஹிப் வயலுக்குள் செருப்போடு ஓடிவந்தார். மூன்றாம் பரிசு ஒரு குடை. அவருக்கு அதுவே பெரிய சந்தோஷம். வேர்வை காயும்வரை குதிரையை நடத்தவேண்டும் என்று பவுல் சொல்லி, வரப்போரமாக அதை மெதுவாக நடத்திக்கொண்டிருந்தார். ஹாலம் துரை வந்து பக்கத்தில் நின்றார். சீனியின் பின்னந்தொடையை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா ஓடினது, பவுல். ஆனா முடிக்க இல்லே" என்றார். "தகப்பன் ரத்தம். நான் சொன்னேன் இல்லே."

"ஆமாங்க தொரை."

மாமரம் வரைக்கும் ஓடினது யார் என்று கேட்க பவுலுக்கு வாய் வந்தது. கேட்கவில்லை. துரைக்கும் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. அவர் போகிறபோது ஒரு தரம் நின்று, அந்த மாமரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மூவரும், இரண்டு மனிதரும் குதிரையுமாக, ரம்புக்கனைக்கு நடந்தார்கள். மீராசாஹிப் புதுக்குடையை விரிக்காமல் கக்கத்தில் வைத்திருந்தார். வழியில் அவர் மெல்லச் சொன்னார்:

"எங்கட கூட்டாளி ஜமால்தீன்ட ஒரு ஆண்குதிர ஈக்கி, பவுல். கொழும்பில ஓடின எண்டு செல்ற. வயசுதான். வாற வருசம் இதைச் சேத்துப் பாப்போமா எண்டு யோசிக்கிறேன்."

பவுல் சீனியின் கயிற்றை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "அப்படிச் சேர்த்தா, அந்தக் குட்டியில அவ கால்வாசி இருப்பா" என்றார், தனக்குத்தானே கணக்குப் பார்க்கிற மாதிரி.

"கால்வாசி ஈந்தா என்ன வரும்?"

"தெரியாதுங்க மொதலாளி. நடை வரலாம். மூச்சு வரலாம். ஒண்ணுமே வராமலும் போகலாம். அந்த டாக்டருக்கே தெரியாதாம்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்: "குட்டி பொறந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. எந்த நாளா இருந்தாலும் வாறேன்."

கடைசி பஸ்ஸைப் பிடித்து பவுல் லயத்துக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டிருந்தது. தொடை இரண்டும் நடுங்கின; படியேற முடியவில்லை. திரேசா கையைப் பிடித்து உட்காரவைத்து, நல்லெண்ணெயைச் சூடுகாட்டி எடுத்துவந்து கீழே உட்கார்ந்தாள்.

"பார்த்தீங்களா அவளை?" என்று கேட்டாள். இந்தத் தடவை கேலி பண்ணவில்லை.

"பார்த்தேன்."

"எப்படி இருந்தா?"

பவுல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். திரேசா எண்ணெயைத் தொட்டு அவர் காலில் தேய்த்தாள்.

"கொஞ்ச நேரந்தான் இருந்தா" என்றார்.